தரவிறக்கம் முடிஞ்சுது என்று டெர்மினல் சொன்னா நம்பலாமா?



இந்தக் கிழமை எபிசோட்டில டபிள்யூகெட், கர்ல், ஆரியா 2 மூன்றையும் பற்றிக் கதைச்சோம். நேரம் காணாமல் போனதால, எப்படி நிறுவுறது என்பதையும் நான் விட்ட ஒரு பெரிய பிழையையும் இந்த மடலுக்கு ஒதுக்கி வச்சேன். எபிசோட்டைக் கேட்டுக்கொண்டே டைப் பண்ணுறவங்களுக்காக, கட்டளைகளை வாயால சொல்லுற மாதிரியே தமிழில எழுதியிருக்கிறேன். ‘ஹைஃபன்’ என்றால் ஒரு சின்னக் கோடு, ‘இரட்டை ஹைஃபன்’ என்றால் பக்கத்தில பக்கத்தில இரண்டு.

முதல்ல கதை.

21 நாள்

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கட ஊர்ப் பிள்ளை ஒருத்தி ஃபோன் எடுத்தாள். “அண்ணா, அப்பாட சைட்டை எப்பிடியாவது எடுத்துத் தர ஏலுமா?”

அவளின்ர அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ரூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில வேலை செய்துகொண்டே, 2003-இல இருந்து எங்கட ஊர்ச் சங்கத்தின்ர இணையத்தளத்தைத் தனி ஆளா நடத்தினவர். கோயில் திருவிழாப் படங்கள், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், மரண அறிவித்தல்கள், ஒரு விருந்தினர் புத்தகம், எல்லாம் அதிலதான். சமாதான காலத்தில, 2005-இல, ஊருக்குப் போன ஒருவர் தெருத்தெருவா நடந்து எடுத்த வீடியோவும் இருந்தது. 4.3 ஜிபி, ஒரே சிப் கோப்பு. அந்த வீடியோவில தெரியிற வீடுகளில பாதி இப்ப இல்லை.

மாமா மார்கழியில காலமாகிட்டார். அவற்ற வங்கிக் கணக்கு முடங்கினதோட ஹோஸ்டிங் காசு கட்டுப்படேல்லை. கடிதம் வந்தது: 21 நாளுக்குப் பிறகு தரவு அழிக்கப்படும். கடவுச்சொல் மாமாவின்ர தலைக்குள்ள இருந்தது. வாரிசு என்று நிரூபிக்க எர்ப்ஷைன் வேணும். அதை அம்ட்ஸ்கெரிஷ்ட் தர எத்தனையோ கிழமை எடுக்கும். அதனால உள்ளுக்குப் போக வழியில்லை. வெளியில எல்லாருக்கும் தெரியிற பக்கங்களை, வெளியில நின்றபடியே எடுக்க வேண்டியதுதான்.

யாழ்ப்பாண நூலகம் 1981-இல எரிஞ்ச கதையைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். எரிச்சால் உலகத்துக்குத் தெரியும். ஹோஸ்டிங் காசு நின்றுபோனால் ஒருத்தருக்கும் தெரியாது.

“கவலைப்படாதையம்மா, ஒரு பின்னேர வேலை” என்றேன். அது ஒரு பின்னேர வேலை இல்லை.

ஏன் பிரவுசர் காணாது?

முதல் முயற்சி பிரவுசர்தான். ஐடி வேலை செய்யிற எனக்கும் முதல்ல கை போனது அங்கதான். ரயிலில இருந்தபடி சிப் கோப்பைக் கிளிக் பண்ணினேன். கொலோனுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் இடையில குகைக்கு மேல குகை. 3.1 ஜிபியில நின்றது. ‘திரும்ப முயற்சி’ என்று அழுத்தினேன், பூச்சியத்தில இருந்து தொடங்கியது.

பாதியில நின்றதை விட்ட இடத்தில இருந்து தொடர, சேர்வர் ஒத்துழைக்க வேணும். ‘எனக்கு இந்த பைட்டில இருந்து மிச்சத்தை மட்டும் தா’ என்று நாங்கள் கேட்பதற்கு ரேஞ்ச் கோரிக்கை என்று பெயர். சேர்வர் சம்மதித்தால் பதில் இலக்கம் 206. அதைக் கவனிக்காமல் முழுக் கோப்பையும் அனுப்பினால் 200. பிரவுசர் இதையெல்லாம் உங்களுக்குக் காட்டாது. கட்டளை வரிக் கருவிகள் காட்டும்.

மூன்று பேர், மூன்று குணம்

*டபிள்யூகெட்.* குரோவேசியாக்காரர் ஹ்ர்வோயே நிக்ஷிச் 1996-இல வெளியிட்டது. குனு திட்டத்தின்ர பிள்ளை. தொடர்பு அறுந்து அறுந்து வந்த டயல்-அப் காலத்தில பிறந்ததால பொறுமைசாலி. தொடர்பு இடையில அறுந்தால் தானாகவே 20 தரம் வரை திரும்ப முயற்சிக்கும். ஹைஃபன் சின்ன சி போட்டால் விட்ட இடத்தில இருந்து தொடரும். மற்ற இரண்டிடமும் இல்லாத ஒன்று இதிட்ட இருக்கு: ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதில இருக்கிற லிங்குகளைப் பிடிச்சுப் போய்த் தளம் முழுவதையும் எடுத்து வரும். இதின்ர புது வாரிசு டபிள்யூகெட் 2, 2021-இல வந்தது. ஒரே நேரத்தில பல இழைகளில வேலை செய்யும். ஃபெடோரா 40-இல இருந்து பழசுக்குப் பதிலா அதுதான் வருது.

*கர்ல்.* சுவீடன்காரர் டானியல் ஸ்டென்பெர்க் இந்தப் பெயரில வெளியிட்டது 1998 மார்ச் 20. இது தரவிறக்கி மட்டும் இல்லை. சேர்வரோட கதைக்கிறதுக்கான கருவி. உங்கட ஃபோன், கார், டிவிக்குள்ளேயும் இதின்ர நூலகப் பகுதி இருக்கக்கூடும். தலைப்பை மட்டும் கேட்கலாம், ஏபிஐ சோதிக்கலாம், படிவம் அனுப்பலாம். ஆனால் நீங்கள் சொன்னதை மட்டும்தான் செய்யும். கோப்பாச் சேமி என்று சொல்லாவிட்டால் (ஹைஃபன், பெரிய ஓ) எல்லாத்தையும் திரையில கொட்டும். முகவரி வேற இடத்துக்கு மாறியிருந்தால் பின்னால போ என்று சொல்லாவிட்டால் (ஹைஃபன், பெரிய எல்) போகாது.

*ஆரியா 2.* ஜப்பான்காரர் தட்சுஹிரோ சுஜிகாவாவின்ர கைவேலை. ஒரு பெரிய கோப்பைத் துண்டு துண்டாப் பிரிச்சு, ஒரே நேரத்தில பல இணைப்புகளால இழுக்கும். பிட்டொரென்ட்டும் தெரியும். ஒரு சேர்வருக்கு 16 இணைப்பு வரை திறக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் ஒன்றுதான்.

நிறுவுறது

உபுண்டு, டெபியன்: சூடோ, ஏபிடி, இன்ஸ்டால், பிறகு மூன்று பெயரும். கவனம், ஆரியாவின்ர பொதிக்குப் பெயர் ‘ஆரியா 2’, ஆனால் ஓடவிடும்போது கட்டளையின்ர கடைசியில ஒரு சின்ன சி சேர்க்க வேணும். ‘நிறுவினேன், ஆனால் இல்லை என்று சொல்லுது’ என்று மெயில் போடுறவங்களில பாதிப் பேரின்ர பிரச்சினை இதுதான்.

மாக்: கர்ல் ஏற்கனவே இருக்கு. மற்ற இரண்டும் ஹோம்ப்ரூ வழியா, ப்ரூ இன்ஸ்டால்.

விண்டோஸ்: 2018-இல இருந்து விண்டோஸ் 10-ஓடயே கர்ல் வருது. ஆனால் விண்டோஸோட வாற பழைய பவர்ஷெல்லில ‘கர்ல்’, ‘டபிள்யூகெட்’ என்று அடிச்சால் அசல் ஓடாது. மைக்ரோசாஃப்ட்டின்ர வேறொரு கட்டளைக்கு அந்தப் பெயர்களை வச்சிருக்கிறாங்கள். கடைசியில ‘டாட் இஎக்ஸ்இ’ சேர்த்து அடிச்சால் உண்மையான கர்ல் வரும். மற்ற இரண்டுக்கும் லேசான வழி, டபிள்யூஎஸ்எல் நிறுவி அதுக்குள்ள உபுண்டு முறையில போடுறது.

ஒரு அண்ணனா ஒரு வார்த்தை: வேலையிடத்து லாப்டாப்பில கேட்காமல் நிறுவ வேண்டாம். என்னை மாதிரி ஒப்பந்தத்தில வேலை செய்யிற ஆள் என்றால் கட்டாயம் வேண்டாம்.

என்ர பிழைகள், வரிசையா

முதல்ல டபிள்யூகெட். இரட்டை ஹைஃபன் மிரர், அதோட கன்வேர்ட் லிங்க்ஸ், பேஜ் ரிக்விசிட்ஸ், நோ பேரன்ட், ஒவ்வொரு கோரிக்கைக்கும் இடையில ஒரு செக்கன் காத்திரு என்று ‘வெயிட் 1’. இரவு ஓடவிட்டுப் படுத்தேன். காலையில எழும்பிப் பார்த்தால் இன்னும் ஓடுது. மாமா தளத்தில ஒரு நாள்காட்டி வச்சிருந்தார். ‘அடுத்த மாதம்’ என்ற லிங்கைப் பிடிச்சுப் போய், டபிள்யூகெட் 2187-ஆம் ஆண்டு ஆவணியில நின்றது. அதுக்குச் சலிப்பே இல்லை. ரிஜெக்ட் ரீஜெக்ஸ் என்ற தெரிவால நாள்காட்டியைத் தவிர்த்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன். பக்கங்கள் வந்தன. மலரின்ர பிடிஎஃப் வந்தது.

படங்கள் வரேல்லை. படத்தொகுப்பு ஜாவாஸ்கிரிப்ட்டில செய்தது. டபிள்யூகெட் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்க்காது. பக்கத்தின்ர மூலத்தில எழுதியிருக்கிற லிங்குதான் அதுக்குத் தெரியும்.

சரி, படங்களுக்கு இலக்கம் இருக்குத்தானே என்று கர்லுக்கு மாறினேன். சதுர அடைப்புக்குள்ள 001 ஹைஃபன் 214 என்று போட்டால் கர்ல் தானே ஒவ்வொன்றா எண்ணி எடுக்கும். இது அழகான வசதி. 2006 திருவிழா, 214 படங்கள், சில நிமிசத்தில முடிஞ்சுது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை. இப்படியே மற்ற ஆண்டுகளையும் எடுத்துவிட்டு, “எல்லாம் எடுத்தாச்சு” என்று அவளுக்கு மெசேஜ் போட்டேன். அவள் தாயிடம் சொல்லிவிட்டாள். தாய் அழுததாகச் சொன்னாள்.

நாலு நாள் கழிச்சு ஒரு படத்தைத் திறந்தேன். திறக்கேல்லை. அடுத்தது, அதுவும் இல்லை. அளவைப் பார்த்தால் 214-உம் ஒரே அளவு, ஒன்றே கால் கிலோபைட். ஒன்றை எழுத்துக் கோப்பாத் திறந்து பார்த்தேன். உள்ளுக்குள்ள ஜேர்மன் மொழியில ஒரு வரி: பக்கம் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருசக் கமரா கோப்பின்ர கடைசியில ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில போட்டிருந்தது. நான் சின்ன எழுத்தில கேட்டேன். லினக்ஸ் சேர்வருக்கு இரண்டும் வேற வேற. அது 404 என்று சொல்லி ஒரு பிழைப் பக்கத்தை அனுப்பியது. கர்ல் அதை ‘படம்’ என்று பெயர் வச்சுச் சேமிச்சது. கர்லின்ர பக்கத்தில நியாயம் இருக்கு. சேர்வர் என்ன தந்ததோ அதைக் கொண்டு வந்தது. சேர்வர் பிழை சொன்னால் நீயும் பிழை சொல்லு என்று கேட்க ஒரு தெரிவு இருக்கு: ஹைஃபன் சின்ன எஃப். நான் போடேல்லை. போட்டிருந்தால் அந்தக் குப்பை சேமிக்கப்பட்டிருக்காது, வெளியேறும் இலக்கம் 22 என்று வந்திருக்கும்.

அப்ப மிச்சம் இருந்தது 9 நாள். நான் அந்தப் படத்தைத் தற்செயலாத்தான் திறந்தேன் என்பதை நினைச்சால் இப்பவும் வயிற்றைக் கலக்குது.

மூன்றாவது, அந்தப் பெரிய வீடியோ. ஆரியாவில ஆசைப்பட்டு 16 இணைப்பு திறந்தேன். பல பேர் பங்குபோடுற மலிவான சேர்வர் அது. கொஞ்ச நேரத்தில 503. பிறகு என்ர முகவரியையே சில மணித்தியாலம் மறிச்சுப் போட்டுது. அடுத்த நாள் 4 இணைப்போட மெதுவாப் போனேன். இடையில கோப்புறையைப் பார்த்தால் கோப்பு 4.3 ஜிபி என்று காட்டுது. முடிஞ்சுது என்று மூடப் போனேன். பக்கத்தில ‘டாட் ஆரியா 2’ என்று முடியிற ஒரு சின்னக் கோப்பு கிடந்தது. ஆரியா வட்டில முழு இடத்தையும் முதலிலேயே பிடிச்சு வச்சிட்டுத்தான் உள்ளுக்கு நிரப்பத் தொடங்கும். அந்தச் சின்னக் கோப்பு இருக்கும் வரைக்கும் வேலை முடியேல்லை. அதை அழிச்சால் எங்க விட்டது என்ற கணக்கும் போயிடும்.

அப்ப எதை எடுக்கிறது?

எபிசோட்டுக்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் ‘எது வேகம்?’ என்றுதான். ‘இது எப்பிடித் தோற்கும், தோற்றால் எனக்குச் சொல்லுமா?’ என்று கேட்டுப் பாருங்கோ. தெரிவு லேசாகிடும்.

ஒரு தளம் முழுக்க வேணும், இரவிரவா ஓடலாம்: டபிள்யூகெட். 404 வந்தால் சேமிக்காது, முறையிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத லிங்குகளைத் தவறவிட்டு, அதைப் பற்றி மூச்சும் விடாது. இன்னொன்று: ஹைஃபன் சி போட்டுத் தொடரும்போது, இடையில சேர்வரில கோப்பு மாறியிருந்தால், பழைய பாதியோட புது பாதியை ஒட்டித் தரலாம்.

சேர்வர் என்ன சொல்லுது என்று பார்க்க வேணும், ஸ்கிரிப்ட் எழுத வேணும்: கர்ல். ஆனால் எஃப், எல், ஓ மூன்றும் இல்லாமல் தரவிறக்க வேண்டாம். தொடர வேணும் என்றால் ஹைஃபன், பெரிய சி, பிறகு இடைவெளி விட்டு இன்னொரு ஹைஃபன். சேர்வர் ரேஞ்ச் தராது என்றால் கர்ல் 33 என்ற இலக்கத்தோட வெளியேறி நேராச் சொல்லும்.

ஒரே ஒரு பெரிய கோப்பு, அல்லது டொரென்ட்: ஆரியா. பல்கலைக்கழக மிரர் மாதிரிப் பலமான சேர்வர் என்றால் வேகம் தெரியும். சின்னச் சேர்வர் என்றால் 2, 3 இணைப்போட நில்லுங்கோ. அங்க 16 திறக்கிறது, கோயில் அன்னதானத்தில 16 தட்டோட வரிசையில நிற்கிற மாதிரி.

மூன்றுக்கும் பொது: முடிஞ்ச பிறகு சரிபாருங்கோ. தளத்தில ஷா-256 கைநாட்டு போட்டிருந்தால், லினக்ஸில ஷா256சம், மாக்கில ஷாசம் ஹைஃபன் ஏ 256, விண்டோஸில செர்ட்யூட்டில் ஹைஃபன் ஹாஷ்ஃபைல், கோப்பின்ர பெயருக்குப் பிறகு ஷா256. மாமாவின்ர வீடியோவுக்குக் கைநாட்டு இருக்கேல்லை. ஆனால் சிப் கோப்புக்குள்ளேயே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அன்சிப், ஹைஃபன் சின்ன டி என்று அடிச்சால் விரிக்காமலே சோதிச்சுச் சொல்லும். படங்கள் என்றால் அளவின்படி வரிசைப்படுத்துங்கோ. ஒரே அளவில பத்துப் படம் இருந்தால் சந்தேகப்படுங்கோ.

பழகிப் பார்க்க ஆசையா? ஆகன் பல்கலைக்கழகம், எர்லாங்கன் பல்கலைக்கழகம் இரண்டும் லினக்ஸ் மிரர்கள் வச்சிருக்கு. டெபியனின்ர சின்ன நிறுவல் கோப்பை எடுங்கோ. பாதியில கன்ட்ரோல் சி அடிச்சு நிறுத்துங்கோ, தொடருங்கோ, கைநாட்டைச் சரிபாருங்கோ. அரை மணித்தியாலத்தில, ஒன்றையும் இழக்காமல், எல்லாம் பிடிபடும்.

சட்டம் என்ன சொல்லுது?

‘இதெல்லாம் ஜேர்மனியில செய்யலாமா?’ என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த நாடு இந்தக் கருவிகளோட இரண்டு விதமா நடந்திருக்கு.

2022-இல ஜேர்மன் அரசின் காசில நடக்கிற சவெரின் டெக் ஃபண்ட் கர்லுக்கு நிதி கொடுத்தது, பொது உட்கட்டமைப்பு என்று சொல்லி. அடுத்த வருசம், 2023 மார்ச்சில, ஹம்பேர்க் லாண்ட்கெரிஷ்ட் இன்னொரு கட்டளை வரிக் கருவியின்ர விசயத்தில மற்றப் பக்கம் சாய்ந்தது. யூடியூப்-டிஎல் என்ற கருவியின்ர இணையப் பக்கத்துக்கு இடம் கொடுத்த ஊபர்ஸ்பேஸ் என்ற சின்ன ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எதிரா சோனி, வார்னர், யூனிவர்சல் மூன்றும் போட்ட வழக்கு. தீர்ப்பு இசை நிறுவனங்களுக்குச் சார்பா வந்தது. கருவியின்ர மூல நிரல் அங்க இருக்கேல்லை, கிட்ஹப்பிலதான் இருந்தது. 2020 ஒக்டோபரில அமெரிக்க இசைத்துறைச் சங்கம் கேட்டு கிட்ஹப்பும் அதை எடுத்துப்போட்டு, நவம்பரில திரும்ப வச்சது.

வழக்கின் மையம், பூட்டை உடைக்கிறதா இல்லையா என்பது. ஜேர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின்ர 95ஏ பிரிவு, வேலை செய்யிற தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தாண்டுறதைத் தடுக்குது. எல்லாருக்கும் திறந்திருக்கிற ஒரு பிடிஎஃப்பை டபிள்யூகெட்டால எடுக்கிறது அந்த வகை இல்லை. ஆனாலும் எடுத்து வச்சிருக்கிறது வேற, திரும்ப வெளியிடுறது வேற. எங்கட விசயத்தில சங்கத்திட்டயும் குடும்பத்திட்டயும் கேட்டுத்தான் தொட்டேன். நூலகம், மதுரைத் திட்டம் மாதிரித் தன்னார்வலர்கள் நடத்துற தளங்களில இருந்து எடுக்கும்போது ‘வெயிட்’ போடுங்கோ. அவங்கட சேர்வருக்கும் யாரோ ஒருவர் காசு கட்டுறார்.

கடைசியில

21-ஆம் நாளுக்கு இரண்டு நாள் முந்தி எல்லாம் முடிஞ்சுது. 19 படங்கள் சேர்வரிலேயே பழுதாகி இருந்தன, அவை போனது போனதுதான். மிச்சப் படங்கள் திறக்குது. ஹம் காமாட்சி அம்பாள் தேரின்ர பழைய படங்களும் அதுக்குள்ள இருந்தன. வீடியோ சிப் சோதனையில தேறியது. இப்ப மூன்று இடத்தில கொப்பி இருக்கு: மகளிட்ட, சங்கத்திட்ட, என்னட்ட.

விருந்தினர் புத்தகத்தைத் திறந்தபோது இன்னொரு அதிர்ச்சி. வரி வரியா ஆங்கில எழுத்துக் குப்பை. திரும்பவும் பிழைவிட்டேன் என்று நெஞ்சு அடிச்சுது. பிழை இல்லை, அது பாமினி. யூனிகோடு பரவ முந்தி எங்கட ஆட்கள் அந்த எழுத்துருவிலதான் எழுதினவை. எழுத்துரு இல்லாட்டி வாசிக்க ஏலாது. இப்ப அதைக் கொஞ்சம் கொஞ்சமா யூனிகோடுக்கு மாத்திக்கொண்டு இருக்கிறேன். நேற்று மாத்தின பதிவில ஒருத்தர், 2004-இல, டோட்முண்டில இருந்து எழுதியிருக்கிறார்: இந்தப் படத்தில கிணத்தடியில நிற்கிறது என்ர அம்மா, பெரிசாப் பார்க்க வழி இருக்கா என்று. கீழே மாமா பதில் போட்டிருக்கிறார், பெரிய படத்தை ஏத்தியிருக்கிறேன் என்று. போய்ப் பார்த்தேன். படம் இருக்கு, திறக்குது.

இந்தக் கிழமை வீட்டுப்பாடம் ஒன்றுதான். உங்கட ஊர்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி, கோயில், ஏதோ ஒன்றுக்கு ஒரு தளம் இருக்கும். அதுக்கு யார் காசு கட்டுறார், கடவுச்சொல் இன்னும் யாருக்குத் தெரியும் என்று அப்பாட்ட கேளுங்கோ. பதில் ஒரே ஒரு ஆளின்ர பெயர் என்றால், அவரிட்டக் கேட்டுவிட்டு, இந்த வார இறுதியிலேயே ஒரு கொப்பி எடுங்கோ. எடுத்த பிறகு திறந்து பாருங்கோ.

எங்கேயாவது சிக்கினால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. என்ன கட்டளை அடிச்சீங்கள், என்ன பிழை வந்தது, இரண்டையும் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்துறதைப் பற்றிக் கதைப்போம்.

சந்திப்போம்.